வாசற்படிப் பனிக்கட்டி: செல்வம் சுமையான வரலாறு

எர்ணாகுளம் பிராட்வேயின் மருந்துக் கடை ஒன்றில் நின்று "பனி" என்று சொன்னால், கடைக்காரர் காய்ச்சல் மாத்திரையைத்தான் எடுத்து வைப்பார். மலையாளத்தில் இன்று அச்சொல்லின் முதற்பொருள் காய்ச்சல். தமிழில் அதே சொல் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியைக் குறிக்கும். மலைமுகட்டில் உறைந்து கிடக்கும் வெண்மையையும் குறிக்கும். அச்சத்தாலோ குளிராலோ உடல் நடுங்குவதற்கும் பழந்தமிழில் 'பனித்தல்' என்றே பெயர். நடுக்கம் என்னும் அந்தக் கிளைப்பொருளே மலைக்கு மேற்கே காய்ச்சலாக வளர்ந்தது எனக் கொள்வது பொருத்தம். கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து 'ஹனி' என்றாகி, வெறும் துளி என்ற அளவில் நின்றுவிட்டது. பனிக்கு மலையாளி ஆளும் சொல் 'மஞ்ஞு'. தமிழில் அதன் உறவான 'மஞ்சு' மேகத்தையும் மலைமேல் தவழும் மூடுபனியையும் குறித்து, இன்று பெரும்பாலும் செய்யுளோடு ஒதுங்கிவிட்டது.

உறைந்த நீருக்கு மட்டும் உரிய தனிவேர்ச்சொல் இந்த மொழிகளில் அரிது. வானிலிருந்து விழும் கட்டிக்குச் சங்கத்தமிழில் 'ஆலி' உண்டு. 'ஆலங்கட்டி' அதன் வழிவந்தது. தொல்காப்பியம் ஆண்டின் ஆறு பொழுதுகளுள் இரண்டை முன்பனி, பின்பனி என்று பனிக்கே ஒதுக்கியது. ஆனால் அந்தப் பனி தரையில் இறுகி, நடப்பவர் காலை வாரிவிடும் பனி அன்று. தன் வாசலில் உறைந்த பனிக்கட்டியை இத்தனை மணி நேரத்துக்குள் அகற்றாதவர் சட்டத்தின் முன் குற்றவாளி என்ற நிலை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு எவ்வளவு புதியது என்பதை இந்தச் சொல்வரலாற்றை வைத்தே ஓரளவு அளந்துவிடலாம்.

கொச்சியில் பனிக்கட்டி என்றும் விலைகொடுத்து வாங்கும் பொருள். பிராட்வேயை ஒட்டிய எர்ணாகுளம் சந்தையில் மீன்பெட்டிகளின் மேல் உடைத்துக் கொட்டப்படும் கட்டி, நண்பகலுக்குள் நீராகித் தரையில் ஓடுகிறது. அங்கே வணிகனின் கவலை அதை எப்படிக் காப்பது என்பதே. வழுக்கும் தரை என்ற தொல்லை அந்நகருக்கும் தெரியாததன்று. அதன் காரணம் வேறு. இடவப்பாதி மழை தொடங்கிச் சில வாரங்களில் முற்றத்திலும் படிக்கட்டிலும் பாசி படரும். வீட்டுக்காரர் வெளுப்புத்தூளைத் தூவித் தேங்காய்நார்த் துடைப்பத்தால் தேய்ப்பார். 1967 நவம்பரில் கோட்டைக்கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகள் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவானபோதும் சரி, அதற்குப் பின்னும் சரி, அந்தப் பாசி வீட்டுக்காரரின் தனிப்பட்ட விவகாரம்தான். இந்தியாவில் இடத்தை ஆள்பவரின் பொறுப்பை வகுக்கத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. பொதுவான தீங்கியல் கோட்பாடுகளே இன்றுவரை நிற்கின்றன. விருந்தினர் வழுக்கி விழுந்தால் வீட்டார் வருந்துவர். விழுந்தவர் வழக்குரைஞரைத் தேடுவதில்லை.

உறைய வைக்கும் தொழில் கொச்சிக்கு வந்ததும் மீனால்தான். 1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. விசைப்படகும் பனிக்கட்டி ஆலையும் அதன் வழியே மீனவர் வாழ்வுக்குள் நுழைந்தன. 1953-இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. 1957-இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொச்சியில் அமைந்தது. தன் நாட்டில் குளிர்காலம் முழுதும் வாசற்பனியை வாரிக் கொட்டும் நார்வேக்காரர், இங்கே வந்து அதே பொருளை உண்டாக்கக் கற்றுக்கொடுத்தார் என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

கொச்சியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மலையேறினால் காட்சி மாறும். மூணாற்றுச் சுற்றுவட்டத்தில் செண்டுவரை, லெட்சுமி, செவன்மலை எஸ்டேட்டுகளில் சனவரி விடியல்களில் வெப்பநிலை சுழியத்தைத் தொடும்; சில ஆண்டுகளில் அதற்கும் கீழே இறங்கும். அத்தோட்டங்களை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தொழிலாளர். தென்னிந்தியத் தமிழருக்குப் பனிக்கட்டி ஒரு தொழிற்பகையாக முதலில் அறிமுகமானது இப்படித்தான். நீலகிரியில் மக்கள் நீர்ப்பனியையும் உறைபனியையும் தனித்தனியே பிரித்துப் பேசுகின்றனர். மழை ஓய்ந்தபின் முதலில் விழுவது நீர்ப்பனி. வானம் மேகமின்றித் தெளிந்து, காற்றும் அசையாமல் நிற்கும் இரவுகளில், நிலம் தன் வெப்பத்தை மேலே இழந்துவிட, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் வந்து தேங்குகிறது. அங்கே விழுவது உறைபனி. சரிவின் நடுவில் நிற்கும் செடி தப்பிக்க, அடிவாரத்துச் செடி விடிந்து வெயில் ஏறியதும் தீய்ந்ததுபோல் கருகும்.

இதற்கு எதிரான நடவடிக்கைகள் எளியவை. பள்ளத்தில் தேயிலை நடாதிருத்தல், சவுக்கு மரம் என்று தொழிலாளர் அழைக்கும் சில்வர் ஓக்கை நிழலுக்கு வளர்த்தல், நாற்றங்காலைத் தழையிட்டு மூடுதல், விடியுமுன் நீர் தெளித்தல். உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் கோத்தகிரி மிலார் என்னும் செடிகொடித் தழையைக் கொண்டு அலங்காரச் செடிகளைப் போர்த்திவைப்பது வழக்கம். இவை அனைத்தும் செடியைக் காக்கும் முறைகள். நடப்பவனைக் காப்பன அல்ல. ஒன்பது மணி வெயிலுக்குள் உருகிவிடும் பனிக்கு யாரும் யார்மீதும் வழக்குத் தொடுப்பதில்லை.

வழக்குத் தொடுக்கும் பனியின் கதை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. விந்தை என்னவென்றால், அங்கே அது முதலில் சொத்தாக இருந்தது. அச்சொத்தின் தொலைதூர வாடிக்கையாளர்களுள் சென்னையும் ஒன்று.

1806-இல் பாஸ்டன் நகர இளைஞர் பிரடெரிக் டியூடர், தம் பகுதிக் குளத்தில் உறைந்த பனிக்கட்டியை ஏறத்தாழ 130 டன் அளவுக்கு வெட்டியெடுத்து மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்குக் கப்பலேற்றினார். ஊரார் நகைத்தனர். அவர் கடன்பட்டுச் சிறைக்கும் சென்றார். எனினும் இரண்டு கண்டுபிடிப்புகள் அவரைக் காத்தன. மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டி மாதக்கணக்கில் தாங்கும் என்பது ஒன்று. 1825-இல் நத்தேனியல் வையத் வடிவமைத்த, குதிரை இழுக்கும் வெட்டுக்கருவி மற்றொன்று. உழவன் சால் பிடிப்பதுபோல் உறைந்த குளத்தின் மேல் கோடிட்டு, ஒரே அளவுள்ள பாளங்களாக அறுக்க அது வழிசெய்தது. ஒரே அளவுள்ள பாளங்கள் இடைவெளியின்றி அடுங்கும். இடைவெளி இல்லாவிட்டால் உருகல் குறையும். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட 'டஸ்கனி' கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களில் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது.

சென்னையில் 1842-வாக்கில் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தன. மசாசூசெட்ஸின் குளிர்காலம் சென்னைக் கடலோடிகளின் கைகளில் இறங்கியது என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பனிக்கட்டி வெள்ளை அதிகாரிகளின் மேசைக்கும் மருத்துவமனைக்கும் செல்வர் வீட்டுக்கும் போனது. சுமந்தவரின் வீட்டுக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் பனிக்கட்டி அறுக்கப்பட்டதைக் கண்ட ஹென்றி டேவிட் தோரோ, தம் நூலில் சென்னையின் பெயரையும் குறித்துவைத்தார். 1870-களில் நீராவிப் பொறியால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் நிறுவனம் வந்ததும் அமெரிக்க வணிகம் முடிந்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்காரின் 'காஸில் கெர்னன்' ஆகி, 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கிய இடமாகி, பின்னர் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதியாகி, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஊர்ப்பேச்சில் அந்தப் பகுதி இன்னும் 'ஐஸ் அவுஸ்'தான்.

இக்கதையில் பலரும் கவனிக்காமல் கடக்கும் ஒரு நிகழ்வு உண்டு. கேம்பிரிட்ஜ் நகரின் பிரெஷ் பாண்டு குளத்தைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்கள், உறைந்த குளத்தில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று சச்சரவிட்டனர். 1841-இல் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீப், அவரவர் கரையின் நீளத்துக்கு ஏற்பக் குளத்தின் மேற்பரப்பைக் கோடிட்டுப் பிரித்துக் கொடுத்தார். சில மாதங்களே நிலைத்து, வெயில் வந்தால் இல்லாமற் போகும் ஒரு பரப்புக்கு எல்லைக்கல் நடப்பட்டது என்றே கூறலாம். தன் நிலத்தை ஒட்டி உறையும் நீர் தன் வருவாய் என்பது அன்றைய நில உடைமையாளரின் எண்ணம்.

சாலையிலும் அப்படியே. மோட்டார் வாகனத்துக்கு முந்தைய வட அமெரிக்காவில் குளிர்காலப் போக்குவரத்து சறுக்கு வண்டிகளையே நம்பியிருந்தது. பனியை அகற்றினால் வண்டி நகராது. ஆகவே ஊராட்சிகள் பெரிய மர உருளைகளைக் குதிரைகளால் இழுத்துச் சாலைப்பனியை அழுத்தி இறுக்கின. கூரையுள்ள மரப்பாலங்களுக்குள் பனி விழாதாகையால், ஆள் வைத்துப் பனியை உள்ளே வாரிக் கொட்டினர். நகரங்களில் டிராம் நிறுவனங்கள் தண்டவாளத்தில் உப்பைத் தூவியபோது சறுக்கு வண்டிக்காரர்கள் சினந்தெழுந்தனர். உப்பு அன்று அவர்கள் பாதையை அழிக்கும் பொருள்.

ரப்பர்ச் சக்கரம் வந்தபின் எல்லாம் தலைகீழாயிற்று. 1938-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் நெடுஞ்சாலையில் உப்பைத் தூவிச் சோதித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 'வெற்றுத் தார்ச்சாலை' என்பதே குளிர்கால நிருவாகத்தின் இலக்கணமாயிற்று. கனடாவில் அதற்கான உப்பும் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடைத்தது. 1866-இல் ஒன்ராறியோவின் காட்ரிச் ஊரில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் உப்புப் படுகையைக் கண்டனர். 1959-இல் அங்கே திறக்கப்பட்ட சுரங்கம் ஹியூரான் ஏரியின் அடியில் பரந்து, உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமாக இன்று பெயர்பெற்றுள்ளது. கனடா தன் சாலைகளில் ஓராண்டில் கொட்டும் உப்பு ஏறத்தாழ 50 இலட்சம் டன். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து இராசாசியின் தலைமையில் நடந்து வேதாரணியத்தில் ஒரு கைப்பிடி உப்பை அள்ளியதற்காகச் சிறைசென்றவர்களின் மொழியைப் பேசுவோர், அரை நூற்றாண்டு கழித்து உப்பை மூட்டையாக வாங்கி வாசலில் வீசும் நாட்டில் குடியேறினர்.

உப்பின் வேலை பலர் எண்ணுவதுபோல் சூடேற்றுவது அன்று. தூய நீர் உறையும் புள்ளி சுழியம். உப்பு கரைந்த நீருக்கு அது கீழிறங்கும். நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு உப்புள்ள கரைசல் மைனஸ் 21 பாகை செல்சியஸ் வரை உறையாது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உப்பு கரைந்து, அந்த உவர்நீர் கட்டிக்கும் தரைக்கும் இடையே ஊடுருவிப் பிணைப்பை அறுக்கிறது. இதே பண்பைத்தான் நம் ஊர் ஐஸ்கிரீம்காரர் மரவாளியில் பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து பயன்படுத்தினார். அங்கே உருகும் கட்டி சூழ்ந்துள்ள பாலிலிருந்து வெப்பத்தைப் பறிக்கிறது. அக்பரின் அரண்மனையில் வெடியுப்பு கலந்த நீரில் குடிநீர்க் கலத்தை அமிழ்த்திக் குளிரச்செய்ததை அபுல் பசல் தம் அயினி அக்பரியில் பதிந்துள்ளார். அது கரையும்போதே வெப்பத்தை உறிஞ்சும் வேறு வகை. வெப்ப நாடு உப்பைக் கொண்டு குளிரை உண்டாக்கியது. குளிர்நாடு அதைக் கொண்டு பனியை அழித்தது.

ஆயினும் ஏட்டிலுள்ள மைனஸ் 21 வாசலில் உதவாது. மைனஸ் 9, 10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு மிக மெதுவாகவே கரையும். அப்போது கால்சியம் குளோரைடு வேண்டும். இல்லையெனில் கால் பிடிப்புக்கு மணல் தூவவேண்டும். முதலில் வாரி, பின் சுரண்டி, எஞ்சிய படலத்துக்கு மட்டும் உப்பு என்பதே முறை. புதிதாக வருவோர் பனியை வாராமலே அதன்மேல் மூட்டையைக் கவிழ்ப்பதுண்டு. பாதி உருகிய அந்தக் குழம்பு இரவில் மீண்டும் இறுகும்போது முன்பைவிடக் கொடிதாகிறது. நடைபாதையின் பத்துக் கட்டங்களுக்கு ஒரு காப்பிக் குவளை உப்பு போதும் என்று அங்குள்ள நீர்ப்பாதுகாப்பு அமைப்புகள் சொல்லிவருகின்றன. கண்ணால் பார்த்து நிறைவு கொள்ளும் கைகள் அந்த அளவில் நிற்பதில்லை.

1983 யூலைக் கலவரத்துக்குப் பின்னரே ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடாவை அடைந்தனர். 1986 ஆகத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்டது உலகறிந்த செய்தி. மீட்கப்பட்டவர்கள் தம் முதல் குளிர்காலத்தைச் சந்திக்க நான்கு மாதங்கள்கூட இல்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோ அவர்களின் பேரூராயிற்று. (தமிழ்நாட்டு ஏடுகள் 'டொராண்டோ' என்பதை ஈழத்தார் 'ரொறன்ரோ' என்று எழுதுவது யாழ்ப்பாண எழுத்து மரபின் தொடர்ச்சி, அம்மரபில் றகரம் இரட்டிக்கும்போது வல்லின 'ட்' ஒலியையே தரும்.) நிலவறை அறைகளில் வாடகைக்குத் தொடங்கி, சில ஆண்டுகளில் வீடு வாங்கி, வணிக வளாகங்களில் மளிகைக்கடையும் நகைக்கடையும் திறந்தவர்கள், பத்திரத்தோடு சேர்த்துப் பனியையும் வாங்கினர். தைப்பொங்கல் வரும் சனவரியே அங்கே ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதம். முற்றத்தில் கோலமிடும் இடத்தில் வெள்ளைப் பொடியாகக் கிடப்பது உப்பு.

அந்த வாசலின் சட்டநிலை என்ன? ரொறன்ரோ மாநகரச் சட்டத்தொகுப்பின் 719-ஆம் அத்தியாயம், பனியோ மழையோ நின்ற 12 மணி நேரத்துக்குள் கட்டடத்தை ஒட்டிய பொது நடைபாதையை உரிமையாளரோ குடியிருப்பவரோ துப்புரவாக்க வேண்டும் என்கிறது. ஒன்ராறியோவின் 1980-ஆம் ஆண்டு இடம் ஆள்வோர் பொறுப்புச் சட்டம், தன் இடத்துக்குள் வருவோர் நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கத் தக்க கவனம் எடுப்பதை ஆள்பவர்மேல் கடமையாக்குகிறது. 'உரிமையாளர்' என்னாமல் 'ஆள்பவர்' என்றது கருதத்தக்கது. கடையை வாடகைக்கு நடத்துபவரும் அதில் அடங்குவார்.

இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவதே பரவலான மயக்கம். வீட்டுக்கு முன்னுள்ள பொது நடைபாதையில் ஒருவர் விழுந்தால், மாநகரச் சட்டத்தை மீறியதற்காக வீட்டுக்காரருக்குத் தண்டம் வரலாம். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் விழுந்தவருக்கு அவர் இழப்பீடு தரவேண்டியதில்லை என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஊராட்சியின் கடமையைக் குடிமகன் தலைக்கு மாற்ற முடியாது என்பது அதன் உட்கருத்து. விதிவிலக்குகள் இரண்டு. நடைபாதையைத் தன் இடம்போலவே கையாள்பவர் பொறுப்பாவார். தன் வீட்டுக் கூரைநீர் வழிந்து நடைபாதையில் உறைய விட்டவரும் பொறுப்பாவார். மாநகராட்சியின் நடைபாதை என்றால், அதன் பெரும் அலட்சியத்தை மெய்ப்பித்தாக வேண்டும். விழுந்த 10 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். கை முறிந்து கட்டுப்போட்டுக் கிடக்கும், ஆங்கிலம் சரளமாக வராத ஒரு முதியவருக்குப் பத்து நாள் என்பது எம்மட்டு?

தமிழ்க் குடும்பங்களை இன்னும் நெருக்கமாகத் தொடுவது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நிலவறையில் குடியிருந்த ஒருவர் வெளிப்படியில் உறைந்த பனியில் வழுக்கி விழுந்தார். நடைவழியையும் படியையும் பனிநீக்கித் துப்புரவாக வைப்பது குடியிருப்பவரின் வேலை என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டி வீட்டுக்காரர் தப்ப முயன்றார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுவெளியில் ஆபத்தான பனிக்கட்டி சேராமல் பார்ப்பது வாடகைச் சட்டத்தின் விதிகளின்படி வீட்டுக்காரரின் கடமை. அதை வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரியால் கைமாற்ற இயலாது. குடியிருப்பவரே அவ்வேலையைச் செய்யவேண்டுமானால் அதற்கான கைம்மாற்றோடு தனியாக நிற்கத்தக்க உடன்பாடு வேண்டும் என்றது. மேல்மாடியில் வீட்டுக்கார அண்ணன், நிலவறையில் ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி முறையார், "தம்பி, பனியையும் ஒருக்கால் தள்ளிவிடும்" என்ற வாய்ச்சொல்லில் ஓடும் ஏற்பாடு அந்நீதிமன்றத்தின் முன் ஒரு நொடியும் நில்லாது. அந்த ஏற்பாட்டில் அன்பும் உண்டு, வசதியான சுரண்டலும் உண்டு. தீர்ப்பு இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அதற்கில்லை.

இயற்கையே ஆணையிட்டுவிட்டால் எச்சட்டமும் திணறும். 1999 சனவரியில் இரு வாரப் பனிப்பொழிவில் திக்குமுக்காடிய ரொறன்ரோவின் மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை அழைத்தார். பிற ஊரார் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கின்றனர். 2013 திசம்பரில் கிறித்துமசுக்கு முன் பெய்த உறைமழை மரங்களையும் மின்கம்பிகளையும் கண்ணாடிபோல் போர்த்தி முறித்தது. நகரில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுபட்டன. நகர ஒருங்கிணைப்புக்கு முன் ஸ்காபரோவில் நடைபாதைப் பனியை ஊராட்சியின் பொறிகளே நீக்கின. நகர மையத்தில் வீட்டுக்காரரே வாரவேண்டியிருந்தது. 1998-க்குப் பின்னும் தொடர்ந்த இந்த வேறுபாட்டை நீக்கி, 2021-22 குளிர்காலம் முதலே ஏறக்குறைய எல்லா நடைபாதைகளுக்கும் மாநகராட்சி பொறிகளை அனுப்பத் தொடங்கியது. முதியோர் மிகுந்த வீடுகளுக்கு எந்தத் தீர்ப்பைவிடவும் பயன்பட்ட மாற்றம் இது. பனி வாருதல் இதயத்தின்மேல் திடீரெனப் பெருஞ்சுமை ஏற்றும் வேலை என்பதை அங்குள்ள மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிக்கின்றனர்.

பனிக்கட்டியை ஒருகாலத்தில் விற்ற மசாசூசெட்ஸ் என்ன ஆயிற்று? இயற்கையாகச் சேர்ந்த பனிக்கு நில உடைமையாளர் பொறுப்பல்லர், மனிதச் செயலால் சேர்ந்தால் மட்டுமே பொறுப்பு என்ற விதியை அம்மாநில நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பேணிவந்தன. வானம் பொழிந்ததற்கு மனிதன் என்ன செய்வான் என்ற பழைய உழவர் நியாயம் அது. அதனால் பனியைத் தொடாமல் விட்டவர் தப்பினார். அரைகுறையாக வாரியவர் மாட்டிக்கொண்டார். 2010 யூலையில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டை ஒழித்து, எந்தப் பனியாயினும் நியாயமான கவனம் வேண்டும் என்றது. குளத்துப் பனியைக் கரை நீளத்தால் பங்கிட்ட 1841-க்கும் இதற்கும் இடையே 169 ஆண்டுகள்.

பொறுப்பின் அச்சம் உப்பின் அளவைக் கூட்டிற்று. வழக்குக்கு அஞ்சும் வளாக உரிமையாளர் ஒப்பந்தக்காரரிடம் பொறுப்பைத் தள்ளுகிறார். காப்பீட்டுக்கு அஞ்சும் ஒப்பந்தக்காரர் தேவைக்கு மேல் உப்பைக் கொட்டுகிறார். கனடாவின் மத்திய அரசு 2001-லேயே சாலை உப்புகள் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று மதிப்பிட்டு, 2004-இல் நடைமுறை நெறிகளை வெளியிட்டது. நன்னீர் உயிர்கள் நெடுநாள் தாங்கக்கூடிய குளோரைடு லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்பது அந்நாட்டின் வழிகாட்டு அளவு. குளிர்காலத்தில் ரொறன்ரோப் பகுதி ஓடைகள் அதைப் பன்மடங்கு தாண்டுகின்றன. ஸ்காபரோவின் ஊடே ஓடும் ஹைலண்ட் ஓடையும் அவற்றுள் அடக்கம். உப்பு பாலங்களின் இரும்பையும் அரித்தது. நகரின் கார்டினர் மேம்பாலச் சாலையின் பழுதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பனிநீக்கும் ஒப்பந்தக்காரர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் தாங்க முடியாதபடி உயர்ந்ததால், ஒன்ராறியோ தன் சட்டத்தைத் திருத்தியது. 2021 சனவரி 29 முதல், தனியார் இடத்துப் பனியில் விழுந்து காயமுற்றவர் 60 நாள்களுக்குள் நிகழ்ந்த நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து இடத்தை ஆள்பவருக்கோ ஒப்பந்தக்காரருக்கோ எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். நேரில் தரலாம், பதிவு அஞ்சலிலும் விடுக்கலாம். உயிரிழப்பு நேர்ந்தால் இவ்விதி பொருந்தாது. தக்க காரணமும், எதிர்த்தரப்புக்குப் பாதிப்பின்மையும் காட்டினால் நீதிமன்றம் காலத்தாழ்வைப் பொறுக்கலாம். அறுபதாம் நாளில் அந்தப் பனிக்கட்டி இருக்காது. பிற்பகல் வெயிலிலேயே அது உருகிப்போயிருக்கும். எனவே விழுந்தவர் எழுந்ததும் முதலில் செய்யவேண்டியது, கைப்பேசியை எடுத்துக் காலடியைப் படம்பிடிப்பது.